மென்னிறகு ஃப்ளை: கட்டும்போதும் வீசும்போதும் வரும் கோளாறுகள்

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஓடும் வார்ஃப், யூர், நிட், ஸ்வேல் ஆறுகளில் தலைமுறை தலைமுறையாக ட்ரவுட் மீன் பிடித்துவருவது, முள்ளில் மென்மையான இறகைச் சுற்றிப் பூச்சிபோலக் கட்டும் மென்னிறகு ஃப்ளைகளால்தான். ஊரில் இவற்றை ஸ்பைடர் என்பார்கள். ஒரு தூண்டில் முள், கொஞ்சம் பட்டு நூல், ஒரு சின்ன இறகு, சில வகைகளுக்கு மட்டும் ஒரு துளி ரோமம். இவ்வளவுதான் சாமான். சாமான் குறைவு என்பதாலேயே இறகில் ஒரு சுற்று கூடினாலும் ஃப்ளையின் குணம் மாறிவிடுகிறது.

கீழே உள்ள கோளாறுகளில் உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு சோதனை மட்டும் எல்லோரும் செய்யவேண்டியது. கட்டி முடித்த ஃப்ளையை ஒரு சாண் தூண்டில் நரம்பில் முடிந்து, கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் விடுங்கள். நன்றாக நனைந்ததும் நரம்பை மெல்ல மேலே இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். இழுக்கும்போது இறகிழைகள் உடலை ஒட்டிப் படியவேண்டும், நிறுத்தியதும் விரியவேண்டும். முள்ளைப் பிடித்துவைக்கும் வைஸில் உலர்ந்து நிற்கும்போது ஃப்ளை எவ்வளவு அழகாக இருந்தாலும் மீன் அந்தக் கோலத்தில் அதைப் பார்க்கப்போவதில்லை. நான் சொல்லும் தீர்வுகளில் பாதி இந்த டம்ளரைப் பார்த்துத்தான்.

இறகைச் சுற்றும்போது தண்டு முறிகிறது

இங்கிலாந்துக் கௌதாரியின் முதுகிறகுதான் இதில் அதிகம் சோதிப்பது. அடித்தண்டு தடிமன், நுனியோ மெலிசு. நுனியை முள்ளில் கட்டித் தொடங்கினால் முதல் அரைச்சுற்றிலேயே அறுந்துவிடும் அபாயம் உண்டு. அடித்தண்டைக் கட்டித் தொடங்கினால் அறுகாது; ஆனால் தலைப்பகுதியில் மேடு தட்டும்.

நுனி வழியே கட்ட விரும்பினால், கடைசி நுனியில் பிடிக்காமல் சற்றுக் கீழே, தண்டு கொஞ்சம் வலுவாகும் இடத்தில் பிடித்துக் கட்டுங்கள். நுனியிலுள்ள சிறு முக்கோணத்தை மட்டும் நூலுக்கு அடியில் விட்டு மீதி இழைகளைப் பின்னோக்கிக் கோதி விடவேண்டும். உலர்ந்த தோலிலிருந்து எடுத்த பழைய இறகானால் தண்டை ஈர விரலால் ஒருமுறை நீவிவிட்டுச் சுற்றுங்கள். முறிவது பெருமளவு குறையும். இறகைப் பிடித்துச் சுற்றும் சிறு கிடுக்கியான ஹேக்கிள் ப்ளையரை இழுத்துப் பிடிக்கவே கூடாது. அதன் எடையே போதும். முதல் சுற்றை மட்டும் மிக மெதுவாகப் போடுங்கள். முறிவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

இறகின் குழிந்த பக்கம் முள்ளின் வளைவை நோக்கி இருக்கவேண்டும். திரும்பியிருந்தால் இழைகள் முள்ளின் காதை, அதாவது நரம்பு கோக்கும் துளையைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி ஆனால் நூலால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி.

ஃப்ளை பஞ்சுப்பொதி போல இருக்கிறது

இறகு அதிகம். ஒன்றரைச் சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மூன்றாவது சுற்று எதற்குமே உதவாது. கையில் இறகு மிச்சமிருக்கிறதே என்று சுற்றிவிடுகிறோம். மிச்சத்தை வெட்டி எறியத் தயங்கக்கூடாது. இன்னும் மெலிதாக வேண்டுமென்றால், கட்டுவதற்கு முன்பே தண்டின் ஒரு பக்கத்து இழைகளை முழுக்க உரித்துவிடுங்கள். அப்போது இரண்டு சுற்றுப் போட்டாலும் ஒரு சுற்றின் அடர்த்திதான் வரும்.

தண்டின் அடியிலிருக்கும் சாம்பல் நிறப் பூம்பஞ்சை ஒன்றுவிடாமல் கிள்ளிவிட வேண்டும். அதில் ஒரு கொத்து உள்ளே போனாலும் நனைந்ததும் உருண்டையாகத் திரண்டு இழைகளின் ஆட்டத்தைக் கட்டிப்போட்டுவிடும். டம்ளர் சோதனையில் இது உடனே தெரியும்.

முள் சின்னது, இறகு நீளமாக இருக்கிறது

இது உண்மையான தொல்லை. 14, 16 எண் முட்களுக்கு (எண் கூடக் கூட முள் சிறியது) ஏற்ற கௌதாரி இறகு ஒரு தோலில் கொஞ்சமே இருக்கும், கழுத்தையும் தோளையும் ஒட்டி. அவை தீர்ந்ததும் மீதித் தோல் வீணாகக் கிடக்கும். இழையின் நீளம் முள்ளின் வளைவு வரை வந்தால் போதும். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. அதற்கும் மேல் போனால் மீன் இழையை மட்டும் கவ்விவிட்டு முள்ளைத் தொடாமலே போய்விடும். கத்தரிக்கோலால் வெட்டிக் குறைக்கவும் கூடாது. இழையின் இயல்பான கூர்நுனி போய்விட்டால் நீரில் அது விறைத்து நிற்கும்.

பெரிய இறகை வைத்தே செய்ய ஒரு வழி இருக்கிறது. இறகிலிருந்து பத்துப் பதினைந்து இழைகளை நுனிகள் ஒரே வரியில் இருக்கும்படி பிடித்துக் கிள்ளி எடுங்கள். நுனிகள் முள்ளின் காதுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, தேவையான நீளத்துக்கு அளந்து இரண்டு தளர்ந்த சுற்றில் பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தி இழைகளை முள்ளைச் சுற்றிப் பரப்புங்கள். பரவியதும் நூலை இறுக்கி, அடிப்பகுதியை வெட்டிவிட்டு உடலைக் கட்டுங்கள். கடைசியில் இழைகளைப் பின்னால் மடக்கி, முன்பக்கம் நாலு சுற்றுப் போட்டால் தலை முடிந்தது. இறகைச் சுற்றிய ஃப்ளையின் ஒழுங்கு இதில் முழுதாக வராது. தண்ணீருக்குள் வித்தியாசம் தெரிவதுமில்லை.

நம்மூரில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காட்டுக் கௌதாரியும் உள்ளானும் தாழைக்கோழியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றின் இறகுக்காகப் போகாதீர்கள். நாட்டுப் பெட்டைக்கோழியின் கழுத்திறகும் பண்ணைக் காடையின் இறகும் மென்மையானவை, சிறிய முட்களுக்கு நன்றாகப் பொருந்துபவை. சேவல் இறகு மட்டும் வேண்டாம். அது நீரில் விறைக்கும். வாங்கி வைத்த தோல்களுக்கு அந்துப்பூச்சிதான் எதிரி. புதிதாக வந்த தோலைப் பையில் மூடிச் சில நாட்கள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

உடலின் நிறம் நனைந்ததும் மாறிவிடுகிறது

பட்டு நனைந்தால் ஒளி ஊடுருவும். அடியிலுள்ள வெண்கல நிற முள் மேலே தெரியும். ஆரஞ்சுப் பட்டு நனைந்ததும் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட மரப்பழுப்பாக மாறுவது இதனால்தான். பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் என்ற ஃப்ளையின் பலமே அந்த மாறிய நிறத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். நனையாத ஆரஞ்சு நிறத்தில் எந்தப் பூச்சியும் ஆற்றில் இல்லை. ஆகவே இதைக் கோளாறாக எண்ணி பாலியெஸ்டர் நூலுக்குத் தாவவேண்டாம்.

மஞ்சள் உடல் மட்டும் மஞ்சளாகவே நிற்கவேண்டும் என்று விரும்பினால் வெள்ளி நிற முள்ளில் கட்டலாம், அல்லது வெள்ளை நூலில் ஓர் அடிச்சுற்றுப் போடலாம். நூலில் தடவும் மெழுகையும் கவனியுங்கள். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் கறுப்பு மெழுகு இளமஞ்சள் பட்டை ஒலிவப் பச்சையாக்கிவிடும். கிரீன்வெல்ஸ் குளோரி என்ற ஃப்ளைக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். நிறம் கெடக்கூடாது என்றால் வெளிறிய தேன்மெழுகு.

பட்டு நூல் பிசிறுகிறது, அறுகிறது

விரல் சொரசொரப்பாக இருந்தால் பட்டு உடனே காட்டிக்கொடுக்கும். கட்டுவதற்கு முன் கையில் கொஞ்சம் எண்ணெய்ப்பசையில்லாத கிரீம் தடவிக் காயவிடுங்கள். நூற்கண்டைப் பிடிக்கும் பாபினின் குழாய் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் குழாய் நல்லது. முள்ளின் நுனியில் நூல் உரசுவது மூன்றாவது காரணம்.

வலக்கையால் சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறும். உடல் தட்டையாக, வழவழப்பாக வேண்டுமென்றால் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றி முறுக்கை எடுங்கள். வரிவரியாக வேண்டுமென்றால் மறுபக்கம் சுழற்றுங்கள்.

உடல் நீளமாக, குண்டாக வருகிறது

வட இங்கிலாந்து ஸ்பைடரின் உடல் முள்ளின் வளைவு வரை போகாது. முள்ளின் நுனிக்கு நேர் மேலே வந்ததும் நூலைத் திருப்பிவிடவேண்டும். பலர் வளைவில் இறங்கும் இடம் வரை போய்விடுகிறார்கள். ஃப்ளை அதனால் பெரிதாகத் தோன்றும். 16 எண் முள்ளில் கட்டியது 14 எண்ணாக நீந்தும்.

ரோமம் சேர்க்கும் ஃப்ளைகளில் இன்னும் கவனம் வேண்டும். வாட்டர்ஹென் ப்ளோவா ஃப்ளைக்கு மஞ்சள் பட்டின் மேல் மோல் என்ற வளையெலியின் ரோமம் போடுவார்கள். எவ்வளவு? விரலில் எடுத்தால் இருப்பதே தெரியக்கூடாது. பட்டு நூலின் மேல் லேசான நிழல் விழுந்ததுபோல் இருந்தால் போதும். மஞ்சள் உள்ளிருந்து தெரியவேண்டும். உடல் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டால் அது வேறு ஃப்ளை.

இழைகள் உடலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன

டம்ளரில் இதைப் பார்த்தீர்களானால் மூன்றில் ஒன்று காரணம். தலையைக் கட்டும்போது நூல் இறகின் மேலேறி அமுக்கியிருக்கலாம். அப்படியானால் தலையை இன்னும் சிறியதாக்குங்கள், இறகுக்கு முன்னால் மூன்று நான்கு சுற்றும் விப் ஃபினிஷ் என்ற கடைசி முடிச்சும் போதும். தொடங்கும்போதே முள்ளின் காதுக்குப் பின்னால் ஒரு காதளவு இடத்தை வெறுமையாக விட்டால் இந்த நெரிசல் வராது. இறகு ரொம்பவும் மெல்லியதாக இருப்பது இரண்டாவது காரணம்.

மூன்றாவது நீரோட்டத்தைப் பொறுத்தது. வேகமான தண்ணீரில் எந்த மென்னிறகும் படிந்துதான் போகும். அங்கே இறகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோள் கட்டுங்கள். முயல் ரோமத்தை ஒரு சிட்டிகை, இல்லையென்றால் மயிலிறகின் ஓர் இழையை இரண்டு சுற்று. இழைகள் அதில் சாய்ந்துகொண்டு, முழுதாகப் படியாமல் நிற்கும்.

ஃப்ளை மூழ்காமல் மேலே மிதக்கிறது

புதிய இறகில் எண்ணெய்ப்பசை இருக்கும். முதல் சில வீச்சுகளில் ஃப்ளை மேலேயே கோடு கிழித்துக்கொண்டு வந்தால், கரையோரச் சேற்றில் அதைப் பிசைந்து அலசிவிடுங்கள். லீடர் எனப்படும் நுனி நரம்பின் பளபளப்பும் காரணமாகலாம். முல்தானி மட்டியில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுப் பிசைந்து நரம்பில் தேய்த்தால் அது மங்கிவிடும், மூழ்கும்.

மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் ஃப்ளை போகவேண்டும் என்றால் இதையே திருப்பிச் செய்யுங்கள். ஃப்ளைக்கு ஒரு கையகலம் முன்புவரை லீடரில் கிரீஸ் தடவுங்கள்.

மீன் எழும்புகிறது, ஆனால் என் ஃப்ளையைத் தொடுவதில்லை

முதலில் அந்த எழுச்சியைப் பாருங்கள். மீன் வாயை வெளியே நீட்டி மேலேயுள்ள பூச்சியை உறிஞ்சினால் வட்டத்தின் நடுவில் ஒரு குமிழி எஞ்சும். குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் உப்பி அடங்கினால், மேலே வந்துகொண்டிருக்கும் பூச்சியை அது நீருக்குள்ளேயே பிடிக்கிறது. மென்னிறகு ஃப்ளைக்கு இரண்டாவதுதான் நேரம். குமிழிகளாகவே தெரிந்தால் மேலே மிதக்கும் உலர் ஃப்ளைக்கு மாறிவிடுங்கள். பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

மட்டம் சரி என்றால் அடுத்தது பருவம். யார்க்‌ஷயர் ஆறுகளில் ட்ரவுட் பருவம் மார்ச் 25இல் தொடங்கிச் செப்டம்பர் 30 வரை. தொடக்க வாரங்களில் ஆற்றில் வருவது லார்ஜ் டார்க் ஆலிவ் என்ற மேஃப்ளை. அதற்கு வாட்டர்ஹென் ப்ளோவா, 14 எண் முள்ளில். ஏப்ரல், மே மாதங்களில் குளிரும் தூறலுமான நாளில் கருநீலச் சிறுபூச்சியான அயர்ன் ப்ளூ வரும். அதற்கு ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், அதாவது ஊதாப் பட்டின் மேல் உள்ளானின் இறக்கை வெளிப்புறத்துக் கறுத்த சிற்றிறகு, 16 எண்ணில். மற்ற பூச்சிகள் ஏராளமாக மிதந்தாலும் அயர்ன் ப்ளூ வந்துவிட்டால் ட்ரவுட் அதைத்தான் தேடும். எதுவுமே தெரியாத நாளில் நான் முதலில் கட்டுவது பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்.

மீன் மேலே வராமல் ஆழத்தில் கிடந்தால் பென்சில்வேனியாக்காரரான ஜேம்ஸ் லைசென்ரிங் பெயரில் வழங்கும் தூக்கல் முறையைப் பாருங்கள். மீன் நிற்கும் இடத்துக்கு நீரோட்டத்தின் மேல்பக்கம் நன்றாகத் தள்ளி வீசவேண்டும். ஃப்ளை மூழ்கி இயல்பாக இறங்கிவர, தூண்டில் கோலை அதன் கூடவே கொண்டுவாருங்கள். மீனுக்குச் சற்று முன்னால் வந்ததும் கோலின் ஓட்டத்தை நிறுத்துங்கள். நரம்பு இறுகும், ஃப்ளை மீனின் கண்ணெதிரே மேலெழும், இழைகள் விரிந்து மூடும். அடியிலிருந்து மேலே நீந்தும் பூச்சியின் அசைவு அதுதான். ஒரு குறிப்பிட்ட கல்லையோ பள்ளத்தையோ குறிவைத்துச் செய்யும் முறை இது. ஆறு முழுக்கத் தேடுவதற்கு ஏற்றதில்லை.

ஃப்ளை சர்ரென்று இழுபட்டு ஆற்றின் குறுக்கே ஓடுகிறது

உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவிலுள்ள தண்ணீர் வேகமாக ஓடுகிறது. அது லைனை, அதாவது லீடருக்குப் பின்னாலுள்ள தடித்த வீச்சு நூலை, வில்லாக வளைத்து இழுக்க, கடைசியில் ஃப்ளை சாட்டை நுனியாகிறது. லைன் விழுந்த உடனே, வளைவு உண்டாவதற்குள், கோலால் அதைத் தூக்கி ஆற்றின் மேல்பக்கம் போடுங்கள். நடுவில் மந்தமான நீரும் அக்கரையில் வேகமும் இருந்தால் கீழ்ப்பக்கம் போடவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீச்சுக் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள். வேகமான ஓட்டத்தில் ஆறு ஓடும் திசையில் 45 பாகை கீழ்நோக்கி வீசினால் ஃப்ளை மெதுவாகத் திரும்பும். மந்தமான ஓட்டத்தில் நேர்குறுக்காக வீசலாம்.

தட்டுவது தெரிகிறது, மீன் மாட்டுவதில்லை

கீழ்நோக்கி வீசுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த மனவேதனை உண்டு. காரணம் எளிது. மீன் நீரோடு சேர்த்துத்தான் இரையை உறிஞ்சுகிறது. லைன் விறைப்பாக இருந்தால் ஃப்ளை வாய்க்குள் போக இடமில்லை. உதட்டைத் தட்டிவிட்டு அங்கேயே நிற்கும். மீன் ஓட்டத்தில் உங்களுக்கு நேர் கீழ்ப்பக்கம் நிற்பதால், சுண்டி இழுத்தால் முள் வாயிலிருந்து வெளியே வரும் திசையில்தான் போகும்.

கோலை ஃப்ளையை நோக்கி நீட்டாமல் சற்று உயர்த்திப் பிடியுங்கள். கோல் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் லைன் கொஞ்சம் தொய்ந்து தொங்கட்டும். தட்டியதும் அந்தத் தொய்வு இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்போதும் சுண்டாதீர்கள். மீன் திரும்பக் காத்திருந்து, கோலைத் தாழ்வாகக் கரைப்பக்கம் நகர்த்துங்கள். வாயோரத்தில் முள் ஏறும். இதோடு முள்ளின் நுனியை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டவேண்டும்.

இதையும் தாண்டித் தொல்லை நீடித்தால் மேல்நோக்கி வீசக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து எல்லை ஆறுகளில் மீன்பிடித்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியது இதைத்தான்: மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் பின்னாலிருந்து வருபவரைப் பார்க்காது, இழுக்கும்போது முள்ளும் வாய்க்குள்ளேயே போகும். லைன் குறைவாக இருக்கட்டும், கோலைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் போதும். ஃப்ளை உங்களை நோக்கி வர வரக் கோலை உயர்த்துங்கள். லீடர் தண்ணீருக்குள் இறங்கும் புள்ளியிலேயே கண் இருக்கவேண்டும். அது ஒரு கணம் நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே கோலைத் தூக்குங்கள். இங்கே காத்திருக்கக் கூடாது. கை அலுக்கும் வேலைதான், ஆனால் கற்கள் நிறைந்த, உடைந்து ஓடும் தண்ணீரில் இதற்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை.

மூன்று ஃப்ளையும் சிக்கிக்கொள்கின்றன

ஒரே லீடரில் மூன்று ஃப்ளை கட்டி வீசுபவர்களுக்கு இது. காற்று அடிக்கும் நாளில் இரண்டாகக் குறைத்துவிடுங்கள். லீடரிலிருந்து பிரிந்து மேல் ஃப்ளையைத் தாங்கும் கிளை நரம்பு 10 முதல் 12 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஃப்ளைகளுக்கு இடையே முக்கால் மீட்டராவது இருக்கட்டும். இரண்டு நரம்புகளை இணைக்கும் வாட்டர் நாட் முடிச்சில் எஞ்சும் இரண்டு முனைகளில் கோலை விட்டு விலகிக் கீழ்நோக்கி நிற்பதில் ஃப்ளையைக் கட்டினால் முடிச்சு வலுவாக நிற்கும். எடை கூடிய ஃப்ளை நுனியில். வீச்சு அகலமாக, அவசரமில்லாமல் இருக்கவேண்டும். கோலை வெடுக்கென்று முன்னே குத்தினால் எப்படிக் கட்டியிருந்தாலும் சிக்கும்.

இரண்டு மீனுக்குள் இறகு பிய்ந்துவிடுகிறது

ட்ரவுட்டின் பற்கள் இறகுத் தண்டை அறுத்துவிடுகின்றன. தண்டு ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் அவிழும். இறகைச் சுற்றி முடித்ததும் நூலை அதன் ஊடாக இரண்டு முறை, இழைகளை அமுக்காமல், இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே முன்னால் கொண்டுவாருங்கள். தண்டு பல இடங்களில் கட்டுப்படும். ஸ்டூவர்ட் இன்னும் ஒருபடி மேலே போய், இறகையும் நூலையும் சேர்த்தே முறுக்கி, அந்த முறுக்கைத்தான் முள்ளில் சுற்றினார். அவருடைய கறுப்பு ஸ்பைடரில் இறகு ஓரிடத்தில் குவியாமல் உடலின் முன்பாதியில் பரவி நிற்பதற்கும் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும். ஸ்டார்லிங் என்ற பறவையின் இறகுத் தண்டு மெல்லியது என்பதால் அதற்கு இது கட்டாயம்.

பிய்யாமல் பெட்டியில் நசுங்கி மட்டும் போன ஃப்ளைகளைத் தூக்கிப்போடாதீர்கள். இடுக்கியில் பிடித்துக் கெட்டில் ஆவியில் சில வினாடி காட்டினால் இழைகள் பழைய வடிவத்துக்கு நிமிர்ந்துவிடும். நன்கு காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடித்து, அந்தத் துரு பட்டு நூலிலும் ஏறும்.